கிறீன் முதல் கிள்ளான் வரை: தமிழில் மருத்துவ அடிப்படைச் சொற்களைக் கற்றல் – ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழில் மருத்துவக் கலைச்சொற்களைப் பற்றி எழுதப்பெறும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு வினாக்களோடு நின்றுவிடுகின்றன. ஒரு சொல் தமிழ்ச்சொல்லா வடசொல்லா என்பது ஒன்று. எத்தனை ஆயிரம் சொற்கள் தொகுக்கப்பெற்றுள்ளன என்பது மற்றொன்று. அச்சொல்லைக் கற்பவர் யார், கற்றபின் அதனைக் கொண்டு அவர் யாது செய்வார் என்னும் மூன்றாவது வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. அவ்வினாவை முதன்மைப்படுத்தித் தமிழ் மருத்துவச் சொல்லாக்கத்தை மதிப்பிட இக்கட்டுரை முற்படுகின்றது.

இவ்வினா இக்கட்டுரையாளருக்கு நூலகத்தில் தோன்றியதன்று. கிள்ளானில் வாழ்ந்த கட்டுரையாளரின் தந்தையாரிடம் மருத்துவர் ஒருவர், அவருக்கு ‘டாரா திங்கி’ இருப்பதாக மலாய் மொழியில் கூறி மாத்திரைகளை வழங்கினார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘உயர் இரத்தம்’ என்பதே அதன் பொருள். தந்தையார் அதனை வீட்டில் ‘ரத்தக் கொதிப்பு’ என்று எடுத்துரைத்தார். சில மாதங்கள் கழித்து மாத்திரையை அவரே நிறுத்திவிட்டார். காரணம் கேட்டபோது, “இப்பொழுது எனக்குக் கோபமே வருவதில்லை, கொதிப்பு அடங்கிவிட்டது” என்றார். அடுத்த ஆண்டு அவரைப் பக்கவாதம் தாக்கியது. மருத்துவர் கூறியதில் பிழையில்லை. தந்தையார் வழங்கிய சொல்லும் தமிழர் அனைவரும் அறிந்ததே. எனினும் அச்சொல் அவருக்கு நோயைப் பற்றிய ஒரு விளக்கத்தையும் சேர்த்தே அளித்தது; அந்த விளக்கம் தவறானது. கொதிப்பது அடங்கும்; அடங்கியதற்கு மருந்து வேண்டா. அவ்வளவில் அவருடைய தருக்கம் குற்றமற்றதாகவே இருந்தது.

சொல்லைக் கற்பதென்பது ஒரு பெயரைக் கற்பது மட்டுமன்று. உடலைப் பற்றிய ஓர் எண்ணத்தைக் கற்பதுமாகும். இக்கருத்தின் அடிப்படையில் முதலில் யாழ்ப்பாணத்து முன்னோடி முயற்சியையும், பின்னர்க் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று வழங்கும் சொற்களையும் நோக்குவோம்.

கிறீனின் முயற்சி

மேலைமருத்துவத்தைத் தமிழில் முறையாகக் கற்பித்த முன்னோடி என்னும் பெருமை அமெரிக்க மருத்துவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) அவர்களுக்கு உரியது. அமெரிக்க இலங்கை மிஷனைச் சார்ந்த அவர் 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயை நிலையமாகக் கொண்டு மருத்துவப் பணியும் மருத்துவக் கல்வியும் நடத்தினார். தொடக்கத்தில் அவருடைய வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. 1862 இல் இரண்டாம் முறையாக வந்தபின் பயிற்று மொழியைத் தமிழாக்கினார். ஆங்கிலத்தில் பயின்றவர் அரசுப் பணியை நாடி வெளியூர் செல்வதையும், சிற்றூர் மக்கள் மருத்துவரின்றி இருப்பதையும் கண்டதே இம்மாற்றத்திற்குத் தூண்டுதலாயிற்று. அவர் தமிழை நாடியது மொழிப்பற்றினால் அன்று, மருத்துவத் தேவையினாலேயே என்பது கருதத்தக்கது.

பாடநூல் இன்றிக் கற்பிக்க இயலாது. எனவே, கிறீனும் அவருடைய மாணவர்களும் ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினர். பிரசவ வைத்தியம் (1857), இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), வைத்தியாகரம் (1872), கெமிஸ்தம் (1875), மனுஷ சுகரணம் (1883) ஆகியவை அவற்றுட் சில. மனுஷ அங்காதிபாதம், கிரே என்பார் 1858 இல் இலண்டனில் வெளியிட்ட உடற்கூற்று நூலின் தமிழாக்கமாகும். ஆங்கில மூலம் தோன்றிப் பதினான்கு ஆண்டுகளுக்குள் அது தமிழில் கிடைத்தது என்பது இன்றும் வியப்புக்குரியதே. இப்பணியைப் பிற்காலத் தமிழுலகிற்கு நினைவூட்டியவர்களுள் ‘கிறீனின் அடிச்சுவடு’ என்னும் நூலை எழுதிய ஈழத்துக் கவிஞர் அம்பி முதன்மையானவர்.

கிறீனின் நூல்களில் ஒரு படிநிலை காணப்படுகின்றது. வழக்கிலுள்ள தமிழ்ச்சொல்லை முதலில் நாடுதல். அது கிட்டாதவிடத்து வடமொழியினின்று ஆக்குதல். அதுவும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப அமைத்தல் என்பதே அது. ‘கெமிஸ்தம்’ என்னும் தலைப்பு மூன்றாம் நிலைக்குச் சான்றாகும்.

வழங்கும் சொல்லும் வழக்கிறந்த சொல்லும்

கிறீனைப் போற்றுவோர் அவருடைய உழைப்பைப் போற்றுகின்றனர். குறை காண்போர் அவருடைய நடையின் வடமொழிச் சார்பைச் சுட்டுகின்றனர். இவ்விரண்டும் உண்மையே. ஆயினும் வடமொழிச் சார்பே அவருடைய சொற்கள் மறைந்தமைக்குக் காரணம் என்னும் முடிவு ஆய்வுக்குரியது.

மேற்கூறிய நூற்பெயர்களையே சான்றாகக் கொள்ளலாம். ‘பிரசவம்’, ‘இரணம்’ ஆகிய இரண்டும் வடசொற்களே. எனினும், இன்றைய கிள்ளானில் எழுத்தறியாத மூதாட்டி ஒருவரும் பிரசவம் என்றால் அறிவார். ‘ரணம்’ என்றாலும் அறிவார். ‘அங்காதிபாதம்’, ‘சுகரணம்’ என்பனவற்றையோ தமிழாசிரியர்களுள்ளும் பலர் அகராதியின் துணையின்றி அறியார். நான்கும் ஒரே மூலத்தன. இரண்டு வாழ்ந்தன, இரண்டு வீழ்ந்தன. ஆகவே, ஒரு சொல்லின் பிறப்பிடம் அதன் வாழ்நாளை உறுதி செய்வதில்லை. மக்கள் வாயில் ஏற்கெனவே வழங்கியமையும், நோயாளியின் படுக்கையருகே மீண்டும் மீண்டும் ஒலித்தமையுமே பிரசவத்தையும் இரணத்தையும் காத்தன. ஏனைய இரண்டும் வகுப்பறையில் மட்டுமே வாழ்ந்தவை. அவ்வகுப்பறை மறைந்தபோது அவையும் உடன் மறைந்தன.

தூய தமிழாக்கங்களுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். ‘தடுப்பூசி’ எளிதில் நிலைபெற்றது. ஊசி என்பது மக்கள் சொல். தடுத்தல் என்பதும் அவ்வாறே. ஆயின், ‘இயக்குநீர்’ என்னும் அழகிய ஆக்கம் ‘ஹார்மோன்’ என்னும் சொல்லை இன்றளவும் வெல்லவில்லை. தனித்தமிழ் என்பதனால் மட்டும் ஒரு சொல் நிலைபெறுவதில்லை என்பதற்கு இதுவும் சான்றாகும்.

சொற்குடும்பம் என்னும் நலன்

கிறீனுக்குப் பின்வந்த சொல்லாக்க முயற்சிகள் மற்றொரு நலனைத் தமிழுக்கு ஈட்டித்தந்தன. 1916 இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தோற்றுவித்த தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கமும், 1938 இல் சென்னையில் வெளிவந்த கலைச்சொற்கள் தொகுப்பும் இம்முயற்சிகளின் படிகள். அவற்றின் தொடர்ச்சியாக நமக்குக் கிடைத்தது சொற்குடும்பம் என்னும் ஒழுங்கு. ‘அங்காதிபாதம்’, ‘சுகரணம்’ என்பவற்றைத் தனித்தனியே மனனம் செய்தல் வேண்டும். ‘உடற்கூற்றியல்’, ‘உடலியங்கியல்’, ‘நோயியல்’ ஆகியவற்றிலோ ‘இயல்’ என்னும் ஈற்றை ஒருமுறை அறிந்தால் போதும்.

ஆங்கிலத்தில் மருத்துவச் சொற்களைக் கற்கும் மாணவனுக்கும் முதற்பாடம் இதுவே. பகுதி, முன்னொட்டு, பின்னொட்டு எனச் சொல்லைப் பிரிக்க அவனுக்குக் கற்பிக்கின்றனர். ‘ஐட்டிஸ்’ என முடிவது அழற்சி. ‘எக்டமி’ என முடிவது வெட்டி நீக்கல். ‘ஹைப்பர்’ எனத் தொடங்குவது மிகுதி. ‘ஹைப்போ’ எனத் தொடங்குவது குறைவு. ஆயின், அவன் ஒரு சுமையைக் கூடுதலாகச் சுமக்கின்றான். கல்லீரலுக்கு அவன் வீட்டில் வழங்கும் சொல் ‘லிவர்’. மருத்துவச் சொல்லில் வருவதோ ‘ஹெப்பார்’ என்னும் கிரேக்கம். சிறுநீரகத்திற்கு வீட்டில் ‘கிட்னி’, நூலில் ‘நெஃப்ரோஸ்’. தமிழ் மாணவனுக்கு இச்சுமை இல்லை. கல்லீரல் அழற்சி, சிறுநீரக அழற்சி, மூட்டழற்சி, இரைப்பை அழற்சி எனவும், சிறுநீரக நீக்கம், இரைப்பை நீக்கம் எனவும் உறுப்பின் பெயர் மாறாமலேயே சொற்கள் கிளைக்கின்றன. நான்கு உறுப்புகளையும் மூன்று ஈறுகளையும் அறிந்தவன் பன்னிரண்டு சொற்களை அறிந்தவனாகின்றான். ‘அழற்சி’ என்பதில் அழல் என்னும் நெருப்பு உள்ளது. ஆங்கிலத்தின் ‘இன்ஃபிளமேஷன்’ என்பதிலும் இலத்தீனின் தீச்சுடரே உள்ளது. வேறு வேறு மொழியினர் ஒரே சூட்டை உணர்ந்து ஒரே உருவகத்தை நாடியுள்ளனர்.

இந்நலனை நாம் முழுமையாகப் பயன்கொள்ளவில்லை என்பதே குறை. ஒரு நூல் ‘அழற்சி’ என்பதனை மற்றொரு நூல் ‘தாபிதம்’ என்கின்றது; வேறொன்று ‘வீக்கம்’ என்கின்றது. அழற்சியின் பல அறிகுறிகளுள் வீக்கம் ஒன்றேயன்றி இரண்டும் ஒன்றல்ல. குருதிக்குழாய்களுள் ஆர்ட்டரி, வெயின் என்னும் இரண்டையும் தமிழக நூல்கள் ‘தமனி’, ‘சிரை’ என வழங்க, இலங்கை நூல்கள் ‘நாடி’, ‘நாளம்’ என வழங்குகின்றன. இருகரை நூல்களையும் பயன்படுத்தும் மலேசிய ஆசிரியருக்கு இது பெருங்குழப்பம். இங்கு ‘நாடி’ என்றால் கைபிடித்துப் பார்க்கும் துடிப்பே நினைவுக்கு வரும். மலாய் மொழியிலும் ‘நாடி’ என்பது அத்துடிப்பையே குறிக்கின்றது. எனவே, நம் மாணவர்க்குத் தமனியே குழப்பமற்ற தேர்வாகும்.

கிள்ளானில் வழங்கும் சொற்கள்

சொற்குடும்பத்தின் நலனை ஏற்றுக்கொண்டபின், மக்கள் சொற்களைப் பிழையென ஒதுக்கிவிடலாமா என்னும் வினா எழுகின்றது. கிள்ளானின் தமிழ்க் குடும்பம் ஒன்றில் நோய் மும்மொழியில் வாழ்கின்றது. மருத்துவமனையில் பெரும்பாலும் மலாய், மருத்துவக் கோப்பில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். தோட்ட வாழ்க்கைக் காலத்தில் ‘டிரெசர்’ என அழைக்கப்பெற்ற மருத்துவ உதவியாளர் இம்மொழிகளுக்கிடையே பாலமாக இருந்தார். தோட்டங்கள் கலைந்து மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபின் அப்பாலம் இல்லை. பேரப்பிள்ளையே இன்று பாட்டிக்கு மொழிபெயர்ப்பாளர். அப்பிள்ளை தமிழில் அறிவியல் கற்பதோ தொடக்கப்பள்ளி அளவோடு முடிந்துவிடுகின்றது. 2003 இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பெறத் தொடங்கி, 2009 இல் அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பெறும் வரை அந்த அளவும் குன்றியிருந்தது.

இச்சூழலில் வழங்கும் சொற்களைக் கூர்ந்து நோக்கினால் அவை எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல என்பது புலனாகும். ‘இனிப்பு நீர்’ என்னும் வழக்கை எடுத்துக்கொள்வோம். மலாய் மொழியின் ‘கென்சிங் மானிஸ்’ என்பதற்கு நேர்ப்பொருளாக அமைந்த இதனை, நூலோர் கொச்சையெனக் கருதி ‘நீரிழிவு’ எனத் திருத்துவர். ஆனால் மருத்துவ உலகின் முழுப்பெயர் ‘டயாபெட்டிஸ் மெல்லிட்டஸ்’ என்பதாகும். முதற்சொல் ஊடே கடந்து ஓடுதல் என்னும் பொருளுடைய கிரேக்கம். இரண்டாவது தேனின் இனிமையைக் குறிக்கும் இலத்தீன். நீரிழிவு முதற்பாதியையும், இனிப்பு நீர் இரண்டாம் பாதியையும் சொல்கின்றன. சித்த மருத்துவத்தின் ‘மதுமேகம்’ என்பதிலும் அவ்வினிமை உண்டு. நூற்சொல்லும் மக்கள் சொல்லும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. ஒன்று மற்றொன்றின் பிழையன்று.

சிறுநீரகத்திற்கு முன்னோர் வழங்கிய ‘குண்டிக்காய்’ என்னும் சொல்லும் அத்தகையதே. மலாய் மொழியில் அவ்வுறுப்பு ‘புவா பிங்காங்’, அதாவது இடுப்புக் கனி. காயும் கனியுமாக இரு மொழிகளும் ஒரே உவமையைக் கண்டுள்ளன. நாகரிகம் கருதிப் பழஞ்சொல் நீங்கி, தொழிலைச் சுட்டும் ‘சிறுநீரகம்’ வந்தது நன்றே. எனினும், முதியவர் ஒருவர் பழஞ்சொல்லை வழங்கும்போது நகைப்பவர், அவர் தம் வலியின் இடத்தைச் சரியாகவே சுட்டுகின்றார் என்பதை மறந்துவிடுகின்றனர்.

மறைக்கும் சொற்கள்

மக்கள் சொற்களுக்குரிய மதிப்பை அளித்தபின், அவை எங்கே தவறான வழியைக் காட்டுகின்றன என்பதனையும் கூறியாக வேண்டும். இனிப்பு நீர், நீரிழிவு ஆகிய இரண்டும் சிறுநீரையே பேசுகின்றன. இன்று அந்நோயை அளப்பதோ இரத்தத்தில். ‘நீர் தெளிவாகவே போகின்றது’ என்று ஒருவர் நிறைவு கொள்ளும்போது, அவருடைய கண்ணும் காலின் நரம்பும் சிறுநீரகமும் பழுதுறலாம். ‘இரத்தத்தில் சர்க்கரை மிகுதல்’ என்னும் விளக்கம் அச்சொற்களோடு சேர்ந்தே கற்பிக்கப்பெறுதல் வேண்டும்.

‘நரம்பு’ என்னும் சொல் நம் பேச்சில் நரம்பையும் இரத்தக் குழாயையும் தசைநாணையும் ஒருங்கே குறிக்கின்றது. மலாயின் ‘உராட்’ என்பதும் அவ்வாறே. ‘நியூரான்’ என்னும் கிரேக்கச் சொல்லும் பண்டு நாணையே குறித்தது. ஆகவே இது தமிழரின் அறியாமையன்று, மனித மொழியின் பொதுவியல்பு. ஆயினும், ‘நரம்பு இழுக்கின்றது’ என்னும் முறையீட்டைப் பேரப்பிள்ளை ‘உராட்’ எனப் பெயர்த்துரைத்தால், மருத்துவர் மூன்று வழிகளில் அதனைப் பொருள்கொள்ளலாம். ‘மாரடைப்பு’ என்பது இதயக் குழாயின் அடைப்பைச் செவ்வனே விளக்கும் சொல். இதயத்துடிப்பு திடீரென நின்றுவிடுதலையும் நாளிதழ்கள் அச்சொல்லாலேயே குறிக்கின்றன. முன்னதில் நோயாளி பெரும்பாலும் நினைவோடிருந்து நெஞ்சுவலியை உரைப்பார். பின்னதில் நினைவிழந்து வீழ்வார், அருகிலிருப்பவர் உடனே நெஞ்சை அழுத்தி இயக்குதல் வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயரானால் செயலும் தடுமாறும். ‘மஞ்சள் காமாலை’ ஒரு நோயன்று, பல நிலைகளின் அறிகுறி. பெரியவரின் கல்லீரல் அழற்சியும் பிறந்த குழந்தையின் மஞ்சள் நிறமும் அவ்வொரு பெயரால் ஒன்றாக்கப்படுகின்றன.

பெயர் நோயின் காரணத்தை மறைத்தமைக்குக் கிள்ளானின் வரலாறே தக்க சான்று. 1901 ஆம் ஆண்டு கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன் அவர்கள் அவ்வூரை மலேரியா வாட்டுவதைக் கண்டார். அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பெற்ற சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், காய்ச்சலால் மூடப்படுமோ என்னும் நிலையை எய்தியது. ‘மலேரியா’ என்னும் இத்தாலியச் சொல்லின் பொருள் தீய காற்று. தமிழர் வழங்கிய ‘மலைக்காய்ச்சல்’ மலையைக் காரணமாக்கியது. கிள்ளானின் காய்ச்சலோ மலையிலிருந்தும் வரவில்லை, காற்றிலிருந்தும் வரவில்லை; சதுப்பு நீரில் பெருகிய கொசுவினால் வந்தது. கொசுவின் பங்கினை ரொனால்ட் ரோஸ் 1897 இல் கண்டறிந்திருந்தார். அதனை நம்பி வாட்சன் வடிகால் வெட்டினார். காய்ச்சல் வெகுவாகத் தணிந்தது. பெயர் சுட்டிய திசையில் தேடியிருந்தால் இவ்விடை கிட்டியிராது.

வகுப்பறையில் செய்யத்தக்கன

மேற்கூறியவற்றால் ஒரு மருத்துவச் சொல்லை மதிப்பிட மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. கேட்டவுடன் எளியவருக்கு விளங்குமா? தன் குடும்பத்துச் சொற்களை அடையாளம் காட்டுமா? கேட்டவரைச் சரியான செயலுக்கு இட்டுச் செல்லுமா? கிறீனின் சிறந்த சொற்கள் முதற்கேள்விக்கு விடையளித்தன. பிற்காலத் தொகுப்புகள் இரண்டாவதற்கு விடையளித்தன. மூன்றாவதனை நம் கலைச்சொல் அகராதிகள் பெரும்பாலும் எழுப்பவேயில்லை.

ஆசிரியர் இக்குறையைக் களைய நான்கு நிரல்கள் கொண்ட எளிய அட்டவணையே போதும். வீட்டுச் சொல், நூற்சொல், மலாய்ச் சொல் என்பன முதல் மூன்று. நான்காம் நிரலில், அச்சொல் எதனைச் சொல்லாமல் விடுகின்றது என்பதனை மாணவரே ஒரு வாக்கியத்தில் எழுதுதல் வேண்டும். ‘ரத்தக் கொதிப்பு’, ‘உயர் இரத்த அழுத்தம்’, ‘டாரா திங்கி’ என எழுதியபின், ‘இதற்கும் கோபத்திற்கும் தொடர்புண்டு எனத் தோன்றும், ஆனால் எவ்வித உணர்வும் இன்றியே அழுத்தம் உயர்ந்திருக்கலாம், மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தலாகாது’ என ஒரு மாணவி எழுதினால், அவள் ஒரு கலைச்சொல்லை உண்மையாகவே கற்றவளாகின்றாள். வீட்டுச் சொல்லைத் தேடி அவள் பாட்டியிடம் செல்வாள். நான்காம் நிரலோடு பாட்டியிடம் மீள்வாள். அங்கே பாடம் இருவருக்கும் நிகழ்கின்றது.

முடிவுரை

கிறீன் தம் மாணவரைத் தமிழில் பயிற்றியது, அவர்கள் சிற்றூரில் தங்கி அம்மக்களோடு அம்மக்களின் மொழியில் பேசவேண்டும் என்பதற்காகவே. அவர் ஆக்கிய சொற்களுள் பல இன்று வழக்கில் இல்லை, அந்நோக்கம் பழமையடையவில்லை. மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர் அனைவரும் மருத்துவராகப் போவதில்லை. ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் என்றேனும் ஒருநாள் மருத்துவர் ஒருவரின் முன் தம் பெற்றோருக்காகவோ பாட்டிக்காகவோ மொழிபெயர்க்க நேரிடும். அந்நாளுக்குரிய சொற்களையே நாம் மருத்துவ அடிப்படைச் சொற்கள் எனக் கருதுதல் வேண்டும். கட்டுரையாளரின் தந்தையார் பக்கவாதத்திற்குப் பின் வலக்கை அசையாமல் எட்டாண்டுகள் வாழ்ந்தார். அக்காலத்தில் அழுத்தமானியின் எண்களை நாள்தோறும் இடக்கையால் ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதிவந்தார். அப்பக்கங்களின் மேல் அவரே இட்ட தலைப்பு ‘அழுத்தம்’ என்பது. ‘கொதிப்பு’ என்று அவர் பின்னர் எழுதவில்லை.